ஆசியாவை இணைத்தவர் யாவர்?

கே. எம். பணிக்கரின் 'ஆசியாவும் மேனாட்டு ஆதிக்கமும்' என்னும் ஆங்கில நூல் 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்த 1498 முதல் இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945 வரையுள்ள காலப்பகுதியை ஒரே யுகமாகக் கொண்டு, அந்த யுகம் முடிந்தொழிந்தது என அறுதியிட்டு உரைத்த நூல் அது. அது வெளிவந்து ஈராண்டுகளின் பின் பாண்டுங் நகரிலே 29 ஆசிய, ஆபிரிக்க நாடுகள் கூடின. அம்மகாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அக்காலத்து ஆசிய அறிவாளியின் நெஞ்சுரத்தைப் பணிக்கரின் நூலிலே இன்றும் உணரலாம். ஆயினும் அதனை மீண்டும் எடுத்துப் படிப்போர்க்கு ஒரு குறை புலப்படாமற் போகாது. ஐரோப்பியனைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தும் அந்நூலிலும் கதையை நடத்திச் செல்பவன் ஐரோப்பியனே. சீனரும் யாவா நாட்டவரும் இந்தியரும் தத்தம் எசமானர்களோடு பேசுகின்றனர். தம்முள் ஒருவரோடொருவர் பேசுவது அரிதாகவே உள்ளது.

அந்தக் குறையை நீக்க முனையும் நூல்கள் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலே பல வெளிவந்துள்ளன. அவற்றுள் மூன்றினை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். முதலாவது, வில்லியம் டால்றிம்பிள் 2024இல் வெளியிட்ட 'பொற்பாதை'. பண்டைய இந்தியா உலகினை எவ்வாறு மாற்றியது என்பது அதன் துணைத்தலைப்பு. இரண்டாவது, சுனில் அம்ரித் 2013இல் வெளியிட்ட 'வங்காள விரிகுடாவைக் கடத்தல்'. மூன்றாவது, ரிம் ஹாப்பர் 2020இல் வெளியிட்ட 'தலைமறைவு ஆசியா'. மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தலைப்புகளை நாமே தமிழாக்கித் தந்துள்ளோம். ஆசிய நாடுகளை ஒன்றோடொன்று பிணைத்தவர் யாவர் என்னும் ஒரே வினாவே மூன்றுக்கும் அடிநாதமாக ஒலிக்கின்றது. விடைகளோ பெரிதும் மாறுபடுகின்றன. அம்மாறுபாட்டைப் புலமையாளரின் பூசல் என ஒதுக்கிவிட முடியாது. நாளை வகுப்பறையிலே கரும்பலகையின் முன் நின்று நாம் எதனைச் சொல்லப்போகின்றோம் என்பதும் அதனோடு பிணைந்திருக்கின்றது.

டால்றிம்பிள் கைதேர்ந்த கதைசொல்லி. ஸ்கொத்லாந்திலே பிறந்து டில்லிக்கு அண்மையில் வாழ்ந்துவரும் இவர், கி.மு. 250 அளவிலிருந்து கி.பி. 1200 வரையுள்ள ஏறத்தாழ 1,450 ஆண்டுகளை ஒரு நூலுள் அடக்கியிருக்கின்றார். அவருடைய முதல் வாதம் வலிமையானது. 'பட்டுப் பாதை' என்று நமது பாடநூல்களும் சொல்லிவருவது 1877ஆம் ஆண்டில் ரிச்தோஃபன் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் இட்ட பெயர். பண்டைக் காலத்திலே உரோமையும் இந்தியாவையும் இணைத்த பெருவழி மத்திய ஆசியப் பாலைநிலங்களின் ஊடாக அமைந்ததன்று. பருவக்காற்றின் துணையோடு அரபுக் கடலைக் கடந்த நீர்வழியே அது. செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே துறைமுகத்தில் 2022இல் புத்தர் சிலையொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. எகிப்தியப் பெண்தெய்வமாகிய ஐசிசின் கோயிலிலே புத்தர்! முசிறியிலிருந்து சென்ற 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலின் சரக்கு விவரம் ஒரு பப்பைரசுத் தாளிலே எஞ்சியுள்ளது. யானைத் தந்தமும் துணியும் கங்கைக் கரை நளதமும் ஏற்றிய அந்த ஒரு கப்பலின் சரக்கு, எகிப்திலே நான்கிலொரு பங்கு சுங்கம் கழித்தபின்னும் 70 இலட்சம் செஸ்டர்ஸ் அளவினதாக மதிக்கப்பட்டது. பூச்சியமும் இலக்கங்களும் பிரமகுப்தரின் கணிதமும் பாக்தாதுக்குச் சென்று அல் குவாரிஸ்மியின் கையினூடாக ஐரோப்பாவை அடைந்த வரலாறும் சுவைபட எழுதப்பட்டுள்ளது. கிரேக்கமே அறிவின் ஊற்று என்ற பழைய பாடத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்நூல் ஒரு நல்ல மருந்து.

ஆனால் மருந்தும் அளவு மீறினால் நோயாகும். உலகை மாற்றியது யார்? 'இந்தியா'. மாற்றப்பட்டது எது? ஏனையவை யாவும். தலைப்பிலேயே எழுவாயும் செயப்படுபொருளும் வகுக்கப்பட்டுவிட்டன. நூலின் நடுப்பகுதியிலே தென்கிழக்காசியா வரும்போது இந்த வாக்கிய அமைப்பே வரலாற்று அமைப்பாகிவிடுகின்றது. அந்நாட்டவர் வேண்டியதைத் தெரிந்தெடுத்தே ஏற்றனர் என்பதை டால்றிம்பிள் மறுப்பவரல்லர். எனினும் கதையின் ஓட்டத்திலே ஒளி எப்பொழுதும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியே பாய்கின்றது; போரோபுதூரும் அங்கோரும் அந்த ஒளி பட்டு மலர்ந்த மலர்களாகத் தோன்றுகின்றன.

இது புதிய பார்வையுமன்று. 1926இல் கல்கத்தாவிலே 'பெரும் பாரதச் சங்கம்' நிறுவப்பட்டது. ஆர். சி. மஜும்தார் முதலியோர் சம்பாவையும் யாவாவையும் பண்டைய இந்தியாவின் 'குடியேற்றங்கள்' என்றே எழுதினர். ஆங்கிலேயனின் குடியேற்ற நாட்டிலே அடிமைப்பட்டிருந்த அறிவாளி, தன் முன்னோருக்கும் குடியேற்ற நாடுகள் இருந்தன என்று கூறி ஆறுதலடைந்த பரிதாபத்தை நாம் விளங்கிக்கொள்ளலாம், ஏற்கவேண்டியதில்லை. அக்கருத்தை மறுத்தவர்களுள் முக்கியமானவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் வான் லேர். 1942இல் யாவாக் கடற்போரிலே இளம் வயதில் மாண்ட இவருடைய ஆய்வுகள் 1955இல் ஆங்கிலத்தில் வெளிவந்தன. பிராமணரை வரவழைத்தவர்கள் அந்நாட்டு மன்னர்களே, தமது ஆட்சிக்கு ஒரு மேன்மை தேடியே அவ்வாறு செய்தனர் என்பது அவரது முடிபு. அதாவது, மன்னனின் தேவைதான் முதலில் வந்தது. மந்திரம் பின்னரே வந்தது.

இன்னுமொரு சான்று. ஆபிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள மடகாஸ்கர் தீவின் மொழி, போர்னியோத் தீவின் தென்பகுதி மொழிகளோடு உறவுடையது. இந்தியப் பெருங்கடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சென்று குடியேறிய மாலுமிகள் தென்கிழக்காசியத் தீவினர். போரோபுதூரின் சுவர்களிலே செதுக்கப்பட்டுள்ள கப்பல்களும் அவர்களுடையவையே. கடலை இவ்வளவு அறிந்திருந்த மக்கள், இன்னொரு நாட்டுக் கப்பல் வந்து நாகரிகத்தை இறக்கிச் செல்லும்வரை கரையிலே கைகட்டி நின்றனர் எனக் கொள்வது எங்ஙனம்?

நூலாசிரியர் மேலும் நின்று நோக்கியிருக்கவேண்டிய இடம் சாசனங்கள். கம்போச நாட்டின் பழைய சாசனங்களிலே இரு மொழிகள் பயில்கின்றன. தெய்வத்தையும் மன்னனையும் புகழும் செய்யுட்கள் சமஸ்கிருதத்தில் அமைந்துள்ளன. எத்தனை வயல், எத்தனை மாடு, கோயிலுக்கு அளிக்கப்பட்ட அடிமைகள் எத்தனை பேர், அவர்தம் பெயர் யாவை என்ற விவரங்களோ கெமர் மொழியில் அமைந்துள்ளன. ஆண்டு குறிக்கப்பட்ட கெமர்ச் சாசனங்களுள் மிகப் பழையது கி.பி. 611இற்கு உரியது, அதுவே அடிமைகளின் பட்டியலைக் கொண்டது. சோழர் செப்பேடுகளும் இந்த முறையிலேயே அமைந்தன என்பதை நாம் அறிவோம்: வமிசப் புகழ்ச்சி வடமொழியில், நில எல்லையும் வரியும் தமிழில். சமஸ்கிருதம் எவ்வாறு தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அரச மேன்மையின் மொழியாயிற்று என்பதை ஷெல்டன் பொலொக் 2006இல் வெளியிட்ட பெருநூலிலே விரிவாக ஆராய்ந்துள்ளார். அவருடைய ஆய்விலிருந்து நாம் பெறவேண்டிய பாடம், புகழின் மொழியை மட்டும் படிப்பவனுக்குப் புகழ் மட்டுமே கிடைக்கும் என்பது. 'பொற்பாதை' பெரும்பாலும் சாசனத்தின் முதற்பகுதியைப் படிக்கின்றது. மிளகு பறித்தவனும் நூல் நூற்றவளும் வயலோடு சேர்த்து எழுதிக்கொடுக்கப்பட்ட அடிமையும் இரண்டாம் பகுதியிலே கிடக்கின்றனர்.

வடநாட்டு அறிஞரின் பெருமிதத்தைச் சாடிவிட்டு நாம் தப்பிக்கொள்ளவும் இயலாது. தமிழிலும் ஒரு 'பொற்பாதை' நெடுங்காலமாகப் பாடப்பட்டு வருகின்றது. கடாரம் கொண்ட இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை மேடைதோறும் முழங்காத பேச்சாளர் எத்தனை பேர்? அப்படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், அதே ஸ்ரீவிசய நாட்டு மன்னன் நாகபட்டினத்திலே புத்த விகாரம் ஒன்று கட்டுவித்தான். இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இறையிலியாக வழங்கினான். தந்தை ஊர் கொடுத்தான். மகன் படை கொண்டு சென்றான். இரண்டுக்கும் பின்னால் நின்றது சீன வாணிகத்தின் இலாபம். இந்த வரலாற்றிலே கீழ்நாட்டவன் கட்டுவித்த கோயில் தமிழ்க் கரையிலே நின்றது என்ற செய்தி மேடைக்கு ஏறுவதில்லை.

பெருமித வரலாறு எந்த நாட்டிலும் வீண். இத்தீவிலோ அது குருதி குடித்தது. 993இல் அநுராதபுரம் வீழ்ந்ததை ஒரு சாரார் ஆயிரம் ஆண்டுப் பகையின் தொடக்கமாகவும், மறுசாரார் ஆயிரம் ஆண்டுப் புகழின் சின்னமாகவும் தத்தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். இருவரும் அரண்மனை வாசலிலே நின்றே வரலாற்றை நோக்கினர். துறைமுகத்துக்குச் சென்று நோக்கியிருந்தால் வேறு காட்சி தோன்றியிருக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிலே பொறிப்பித்த சாசனம் தமிழில் அமைந்தது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காக்கவேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு என்றும், பிற சரக்கு ஏற்றிய கலம் கெட்டால் செம்பாதி பண்டாரத்துக்கு என்றும் அது விதிக்கின்றது. சிங்கள மன்னன் ஒருவன் தன் கட்டளையைத் தமிழிலே எழுதுவிக்கின்றான். ஏனெனில் அத்துறையிலே வாணிகம் நடந்த மொழி அது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த பொலன்னறுவைச் சாசனமொன்றிலே வேளைக்காரப் படையினர் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாகத் தமிழில் உறுதி கூறுகின்றனர். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் காலிச் சாசனத்திலே சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் மூன்று சமயங்களுக்கும் காணிக்கை கூறப்படுகின்றது. இவற்றுள் எதனையும் எந்த இனத்தின் தனிப்பெருமையாகவும் காட்ட இயலாது. அதனாற்போலும் இவை நமது மாணவரின் நினைவிலே நிலைபெறுவதில்லை.

வணிகரைப் புகழ்ந்து அரசரை இகழ்வதும் நமது நோக்கமன்று. தக்குவா பாவிலே குளம் காத்த மணிக்கிராமத்தாரும், சுமாத்திராவின் பாரூசிலே 1088இல் சாசனம் பொறித்த ஐந்நூற்றுவரும் கையிலே துலாக்கோலோடு வாளும் பிடித்தவர்கள். கலத்தைச் செலுத்தியவனும் மூட்டை சுமந்தவனும் எந்தச் சாசனத்திலும் கையொப்பமிடவில்லை.

அத்தகையோர் முதன்முறையாகப் பெருந்தொகையினராக ஏட்டிலே பதிவாகும் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. அதுவே சுனில் அம்ரித்தின் நூலுக்குப் பொருள். இம்மூன்று நூல்களுள் நாம் முதலிடம் அளிப்பது இதற்கே.

1830களிலிருந்து 1940 வரை இந்தியக் கரையிலிருந்து இலங்கைக்கு 80 இலட்சம் பேரளவிலும், மலாயாவுக்கு 40 இலட்சம் பேரளவிலும், பர்மாவுக்கு 120 இலட்சத்துக்கும் 150 இலட்சத்துக்கும் இடைப்பட்ட தொகையினரும் சென்றனர் என அம்ரித் கணக்கிடுகின்றார். போனவர் பலர் மீண்டனர்; மீண்டவர் மறுபடியும் போயினர். உலக வரலாற்றின் மிகப் பெரிய இடப்பெயர்வுகளுள் ஒன்றான இது, ஐரோப்பியர் அமெரிக்காவுக்குப் போன கதையின் நிழலிலே மறைந்து கிடந்தது. அம்ரித் அதனை வெளிக்கொணர்கின்றார். அவரது கதைத்தலைவன் எந்த மன்னனும் அல்லன். கடலே தலைமை ஏற்கின்றது. பருவக்காற்று, புயல், சேற்றுநிலம், நீராவிக் கப்பல், கடன் என்பன ஒன்றோடொன்று பின்னி ஒரு வரலாறாகின்றன. தஞ்சையிலும் திருச்சியிலும் மழை பொய்த்த ஆண்டுகளிலே மண்டபத்தை நோக்கி நடந்தவர் தொகை ஏன் பெருகியது என்பதற்கு இயற்கையை மாத்திரம் காரணம் காட்டி அவர் நின்றுவிடவில்லை. மழை எல்லோருக்கும் பொய்த்தது. புறப்பட்டவர்கள் நிலமற்றவர்களும் தாழ்த்தப்பட்ட சாதியினருமே.

கங்காணி முறையின் இயக்கம் இந்நூலின் வழி நன்கு விளங்குகின்றது. தன் ஊரிலே, தன் உறவிலே ஆட்சேர்த்த கங்காணி, முன்பணம் கொடுத்தான், முன்பணம் கடனாயிற்று, கடன் காவலாயிற்று. இலங்கையிலே இதற்குத் 'துண்டு' என்றொரு வடிவம் இருந்தது. இவ்வளவு கடனைத் தீர்ப்பவருக்கு இந்தக் கூலிக்கூட்டத்தை விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. 1921இல் ஒழிக்கப்படும்வரை ஒரு துரையிடமிருந்து மற்றொரு துரைக்கு மனிதர் அந்தத் துண்டுக் கடதாசியோடு கைமாறினர். சங்கிலி இல்லை, சவுக்கு எப்போதாவதுதான். கணக்குப் புத்தகம் போதுமானதாயிருந்தது. முதலாளித்துவம் பழைய உறவுமுறைகளை அழித்துவிடுகின்றது என்று மேலெழுந்தவாரியாகச் சொல்வோர், அது மாமன், மச்சான் உறவையே ஆட்சேர்க்கும் கருவியாக்கிக்கொண்ட இவ்வரலாற்றைக் கவனித்தல் நன்று.

எனினும் நமக்கு இந்நூலோடு ஒரு வழக்கு உண்டு. 'குடிபெயர்ந்தோர்' என்ற சொல்லின் கீழே அம்ரித் எல்லோரையும் ஒரே கப்பலில் ஏற்றிவிடுகின்றார். நாட்டுக்கோட்டைச் செட்டியாரும் கூலியும் ஒரே கடலைத்தான் கடந்தனர். ஆனால் ஒருவர் வட்டியோடு கடந்தார், மற்றவர் கடனோடு கடந்தார். கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களிலே 1930இல் செட்டியார்களின் கைவசம் இருந்தது நிலத்தில் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்விலை சரிந்து கடன்பட்ட பர்மிய உழவர் நிலத்தை இழந்தபின், 1938 அளவில் அது 25 சதவீதமாயிற்று. இது செட்டியார் என்ற சாதியின் தீக்குணத்தால் நிகழ்ந்ததன்று. பிரித்தானிய வங்கியின் பணத்தைப் பர்மிய வயலுக்குக் கொண்டுசென்ற இடைத்தரகு மூலதனத்தின் இயல்பு அது. ஆனால் 1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்திலே கலவரம் வெடித்தபோது மடிந்த நூற்றுக்கு மேற்பட்டோருள் பெரும்பாலோர் நிலம் வாங்கியவர் அல்லர். மூட்டை சுமந்த தெலுங்குத் தொழிலாளர். வேலைநிறுத்தம் செய்த அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரை அமர்த்தி, நிறுத்தம் முடிந்ததும் அப்பர்மியரை விரட்டிய முதலாளிகளின் செயலே கலவரத்துக்குத் தீ மூட்டியது. அம்ரித் இச்செய்திகளை அறிந்தவர். ஆயினும் பல்லின மக்கள் கலந்து வாழ்ந்த துறைமுக நகரின் அழகை அவர் வருணிக்கும் கனிவு, அந்நகரிலே யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்ற கேள்வியைச் சில இடங்களிலே மென்மையாக்கிவிடுகின்றது.

இன்னொன்று. மலாயாவைப் பற்றிய பகுதிகளிலே தொழிலாளரின் குரலே கேட்கின்றது. இலங்கையைப் பற்றிய பகுதிகளிலோ அறிக்கைகளின் குரல்தான் மிகுதி. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்மூலம் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் கதைக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம். 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். எவரையும் கேட்டறியாது மனிதர் பங்கிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் அடித்த புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. முன்னோர் வந்திறங்கிய வழியே திருப்பியனுப்பப்பட்டவர்கள், பழைய துறை மண்மூடிக் கிடக்க, தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறினர். 'இயற்கையின் சீற்றமும் குடிபெயர்ந்தோரின் விதியும்' என்று பொருள்படத் துணைத்தலைப்பிட்ட ஒரு நூலுக்கு இதைவிடப் பொருத்தமான அத்தியாயம் வேறு எது? 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றவராக இருந்தோர் இருந்தனர் என்பதையும் சேர்த்தே இக்கணக்கை முடிக்கவேண்டும்.

இலக்கியம் இவ்விடயத்திலே வரலாற்றை முந்திவிட்டது. சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலாக வெளிவந்தது. யப்பானியப் படை புகுந்த மெடான் நகரிலே அந்நாவல் தொடங்குகின்றது. வட்டிக்கடைப் பையன்களின் பேச்சும் சீனர், மலாயர், ஒல்லாந்தர் கலந்த தெருவின் ஓசையும் அதிலே உண்டு. தமிழ்ப் பெருமை பேசுவோரை எள்ளி நகையாடும் உரையாடல்களும் உண்டு. கடல் கடந்த தமிழரைப் பற்றித் தமிழிலே எழுதப்பட்ட நூல்களுள் இத்துணைக் கூர்மையாகத் தன்னையே நோக்கிச் சிரித்தது வேறொன்று நாம் அறிந்தவரை இல்லை. 'பொற்பாதை'யைப் படித்து மயங்கியவர்கள் உடனே இந்நாவலைப் படித்தல் நலம்.

மெடான் நகரைச் சூழ்ந்த டெலிப் பிரதேசம் ஹாப்பரின் நூலுக்கும் நம்மை இட்டுச் செல்கின்றது. சீனரும் யாவா நாட்டவரும் தமிழரும் கூலிகளாக உழைத்த புகையிலைத் தோட்டங்கள் நிறைந்த பிரதேசம் அது. 1920ஐ அடுத்த ஆண்டுகளில் அத்தோட்டங்களுள் ஒன்றிலே கூலிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஓர் இளம் ஆசிரியர் வந்தார். சுமாத்திராவிலே பிறந்து ஒல்லாந்திலே ஆசிரியப் பயிற்சி பெற்றவர். பெயர் தான் மலாக்கா. தோட்டத்தில் அவர் கண்டவை அவரைப் பொதுவுடைமையாளராக்கின. பின்னர் செமாராங்கிலே ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்தினார், 1922இல் நாடுகடத்தப்பட்டார், மொஸ்கோ, கான்ரன், மணிலா என அலைந்தார். இந்தோனீசியக் குடியரசு என்ற எண்ணத்தை 1925இலேயே நூலாக எழுதினார். அந்தக் குடியரசு பிறந்த நான்காம் ஆண்டிலே, 1949இல், அதன் படையினராலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். 1963இல் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார். சுகார்ட்டோவின் ஆட்சியிலே அவர் பெயர் மீண்டும் மறைக்கப்பட்டது.

ஹாப்பரின் நூலிலே இத்தகையோர் பலர் நடமாடுகின்றனர். மெக்சிக்கோவிலே பொதுவுடைமைக் கட்சியை அமைத்த வங்காளியாகிய எம். என். ரோய், கப்பலிலே சமையலறை வேலை செய்த வியட்நாமியராகிய ஹோ சி மின், 1914இல் வன்கூவரிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட கோமகாத்த மாரு கப்பலின் 376 பயணிகள், 1915 பெப்ரவரியில் சிங்கப்பூரிலே கிளர்ந்தெழுந்து பின் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் எனப் பலரையும் அவர் ஒரே வலையிலே காட்டுகின்றார். விரிகுடாவைக் கூலிகள் கடந்த அதே கப்பல்களிலே இவர்களும் சென்றனர். ஏகாதிபத்தியம் தன் இலாபத்துக்கு அமைத்த வழியையே அதற்கெதிராகப் பயன்படுத்தினர். 1905 அளவிலிருந்து 1927 வரையுள்ள இக்காலம், பின்னே வந்த தேசிய அரசுகளின் வரலாறுகளிலே அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. தோற்றவர்களை ஹாப்பர் தோற்றவர்களாகவே எழுதுகின்றார். வெற்றிக்கு முன்னுரையாக அவர்களை மாற்றிவிடவில்லை. 1926ஆம் ஆண்டின் இறுதியிலும் 1927ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் யாவாவிலும் சுமாத்திராவிலும் எழுந்த கிளர்ச்சிகளின் பின் 13,000 பேரளவில் கைதாயினர். 1927 ஏப்ரலில் சங்காயிலே தொழிலாளர் படுகொலை செய்யப்பட்டனர். இந்தத் தோல்விகளை நூல் மழுப்பவில்லை. அதன் நேர்மை அங்குள்ளது.

குறை என்னவெனின், எழுதத் தெரிந்தவர்களே இதிலும் மிகுதியாகத் தெரிகின்றனர். ஒற்றர்களின் அறிக்கையிலே பெயர் வந்தவன் வரலாற்றிலும் வருகின்றான். தான் மலாக்காவிடம் படித்த பிள்ளைகள் என்னவாயினர் என்று கேட்க நமக்குத் தோன்றுகின்றது. ஆசிரியத் தொழிலின் பழக்கம் போலும். இத்தீவிலே தோட்டம் தோட்டமாகத் தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரும், கூட்டங்களிலே பாடித் தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சி அம்மையும், 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே சுடப்பட்டு மாண்ட கோவிந்தனும் இவ்வலையின் பிற்காலக் கண்ணிகள். ஹாப்பரின் கால எல்லைக்கு அவர்களிற் பெரும்பகுதி அப்பாற்பட்டது என்பது உண்மை. அவர்களை இந்தப் பெரும் ஆசியக் கதையோடு இணைத்து எழுதும் வேலை தமிழ் அறிந்தவர்களுக்கே உரியது. நடேசய்யரின் துண்டுப் பிரசுரங்களையும் மீனாட்சி அம்மையின் பாடல்களையும் மூலத்திலே படிக்கவல்லவர் அவர்களே.

இந்நூல்களை நமது மாணவர் கைக்கு எட்டச் செய்வது எவ்வாறு? மூன்றும் பெரிய நூல்கள். ஹாப்பருடையது 800 பக்கங்களை விஞ்சும். முழுவதையும் தமிழாக்கிய பின்னரே கற்பிப்போம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அம்ரித்தின் நூலிலே கங்காணி முறையையும் கடனையும் கூறும் பகுதிகளை உயர்தர வகுப்பு வரலாற்று மாணவருக்காக முதலில் மொழிபெயர்க்கலாம். டால்றிம்பிளின் நூலிலே கணிதத்தின் பயணத்தைக் கூறும் பகுதி கணித ஆசிரியருக்கும் பயன்படும்; தென்கிழக்காசியப் பகுதியைப் படிக்கும்போது நயினாதீவுச் சாசனத்தின் வாசகத்தையும் உடன்வைத்துப் படிப்பிக்கலாம். தான் மலாக்காவைப் பற்றி ஹாப்பர் ஆங்காங்கே எழுதியிருப்பவற்றை ஒன்றுதிரட்டினால் தனியொரு சிறு நூலாகும். அதற்கு வேண்டியது நல்ல ஆங்கிலமும் அதனினும் நல்ல தமிழும் கொண்ட இருவர், ஒரு விடுமுறைக் காலம்.